இல்லாதவர்களுக்குப் பூ

அவள் பேரை இங்கே எழுதப்போவதில்லை. பெரிய ரகசியமெல்லாம் ஒன்றும் கிடையாது. அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அம்மா பல வருஷம் வைத்திருந்தாள். அந்தப் பழக்கத்தில் எனக்கு இன்றைக்கும் 'அவள்' என்றுதான் வாயில் வருகிறது. ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு அவள் 'வெள்ளக்காரப் பொண்ணு'. பூக்காரம்மாவுக்கு மட்டும் 'ஜெர்மனிப் பாப்பா'.

வந்தபோது அவளுக்குப் பதினாறு வயசு, எனக்குப் பதினாலு. அப்பா வேலை செய்த ஷூ கம்பெனியின் முதலாளி ஏதோ ஒரு சங்கத்தில் பெரிய ஆள். அந்தச் சங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு வருஷம் நாடு மாற்றிப் படிக்க அனுப்பும். நம் பிள்ளை அவர்கள் வீட்டில், அவர்கள் பிள்ளை நம் வீட்டில். முதலாளியின் மகன்தான் போக வேண்டியது. குளிர் ஒத்துக்கொள்ளாது என்று கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டான். நன்றாகப் படிக்கிற பையன் யாரப்பா என்று தேடியபோது கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசரின் மகன் அகப்பட்டான். அதாவது என் அண்ணன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும், "இன்னாங்க இது, ஆட்டக் குடுத்து மாட்ட மாத்திக்கிற மாதிரி பேசறீங்க" என்று முணுமுணுத்தாள்.

அண்ணன் போய் ஜெர்மனியில் கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் அவள் அறையில் படுத்துக்கொண்டான். அவள் ஆம்பூரில் அண்ணன் கட்டிலில், அவன் தங்கச்சி எனக்குப் பக்கத்தில்.

அவளிடம் ஒரு குணம். எதையும் கேட்க மாட்டாள். பார்ப்பாள். பார்த்துவிட்டு அப்படியே செய்வாள். முதல் நாள் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வரும்போது பச்சைத்தோல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனது. வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் அந்த நாற்றத்தில் குடலைக் கையில் பிடித்துக்கொள்வார்கள். அவளும் மூக்கைப் பொத்தினாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஆட்டோக்காரரைப் பார்த்தாள். யாரும் பொத்தவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அதற்குப் பிறகு அவள் மூக்கைப் பொத்தி நான் பார்த்ததே கிடையாது.

ஒரு மாசத்தில் சொம்பைத் தூக்கி வாய்படாமல் குடித்தாள். கம்பெனிச் சங்கு ஊதினால் எழுந்து போய் உலையில் அரிசியைப் போட்டாள். அப்பா செருப்பை விடும்போது இடது கால் செருப்பை மட்டும் கொஞ்சம் தள்ளி விடுவார், சோம்பேறித்தனம்தான், வேறென்ன. அவளும் இடது கால் செருப்பைக் கொஞ்சம் தள்ளியே விட்டாள். அம்மாவுக்கு முட்டிவலி. உட்கார்ந்து எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, "முருகா" என்பாள். இவளும் ஊன்றுவாள், "முருகா" என்பாள். பதினாறு வயசில் என்ன முட்டிவலி? நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். உடனே அவளும் நான் சிரிக்கிற மாதிரியே கையால் வாயை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கிச் சிரிப்பாள். அப்போது எனக்குச் சிரிப்பு சட்டென்று நின்றுவிடும்.

பஜாரில் பேரம் பேசினால் அப்படியே அம்மாவின் குரல். "இன்னாம்மா இவ்ளோ ஜாஸ்தி சொல்றே? கம்மி பண்ணிக் குடு." பக்கத்து வீட்டு ஷாகிரா அக்கா அதைக் கேட்டுவிட்டு, "யா அல்லா! உங்கம்மாவ ஜெராக்ஸ் எடுத்த மாதிரி கீதுடி இந்தப் பொண்ணு" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு ஆரம்பத்தில் அவளைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றால், அண்ணன் கட்டிலில் யாரோ ஒருத்தர் தூங்குகிறார்களே என்ற ஆறுதல். அண்ணனோடு வாரத்துக்கு ஒரு தரம்தான் பேச வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். அடிக்கடி பேசினால் பிள்ளை அங்கே ஒட்டமாட்டானாம். அம்மாவுக்கு அந்த ஒரு நாள் எந்த மூலைக்கு? அழுது அடம்பிடித்து அண்ணனின் படத்தைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு வாங்கினாள். ஹாலில் இன்னொரு ஆணி அடிக்கச் சோம்பல்பட்டு, தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த ஆணியில் அப்பா அதை மாட்டிவிட்டார். சாயங்காலமானால் அம்மா தாடையில் கைவைத்து அதன் எதிரே உட்கார்ந்துவிடுவாள். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாடையில் கைவைத்துக்கொள்வாள். அம்மா பெருமூச்சு விட்டால் அவளும் விடுவாள். அம்மாவுக்கு அது பாசமாகத் தெரிந்தது. எனக்குத்தான் முதுகில் என்னவோ ஊர்ந்தது.

இதற்கு நடுவில் தாத்தாவுக்குப் படைக்கிற நாள் வந்தது. தாத்தா படத்துக்குச் சந்தனம், குங்குமம், புது மாலை. கீழே இலையில் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, வடை, பாயசம், ஓரத்தில் ஒரு சுருட்டு, துவைத்து மடித்த வேட்டி. அவள் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கண்ணாலேயே வாங்கிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. அப்பாதான் தானாகவே விளக்கம் சொன்னார், கம்பெனி இங்கிலீஷில். "மை ஃபாதர். ஹீ இஸ் நாட் ஹியர். ஸோ வீ கிவ் ஹிஸ் ஃபேவரிட் ஃபுட்."

நாம் அப்படித்தானே சொல்கிறோம்? செத்துப்போனார் என்று வீட்டுக்குள் யார் சொல்கிறார்கள்? "எங்கப்பா இல்ல" என்போம். கேட்கிறவர் "ப்ச்" என்பார். அவ்வளவுதான், புரிந்துவிடும். அப்பா அந்த 'இல்ல'யை அப்படியே தூக்கி இங்கிலீஷில் வைத்துவிட்டார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

மொட்டைமாடியில் காக்காவுக்குச் சோறு வைத்து அப்பா கூப்பிட்டுப் பார்த்தார், வரவில்லை. "உங்கப்பா இருந்தப்பவும் சாப்பிடக் கூப்ட்டா ஒடனே வந்தாரா இன்னா?" என்று அம்மா கீழேயிருந்து கத்தினாள். வெயிலில் அவள் அப்பாவின் பக்கத்திலேயே நின்று, அவர் இரண்டு கையையும் வாயருகே குவிக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயும்வரை காக்கா அந்தப் பக்கமே வரவில்லை.

அதே வீட்டில் அவள் தினமும் இன்னொன்றும் கேட்டாள். வாசலில் யாராவது வந்து, "பெரியவன் இல்லியா?" என்பார்கள். அம்மா பெருமூச்சோடு, "இல்ல" என்பாள். தாத்தா இல்ல. அண்ணன் இல்ல. இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றுக்குப் பூவும் சிவப்பு பல்பும் உண்டு, இன்னொன்று மொட்டையாகத் தொங்குகிறது. அவள் என்ன நினைத்திருப்பாள் சொல்லுங்கள்! இதெல்லாம் பிற்பாடு உட்கார்ந்து யோசித்தபோது எனக்குப் புரிந்தது. அப்போது யாருக்குத் தெரிந்தது.

அண்ணனின் பிறந்த நாள் ஒரு சனிக்கிழமை. அவன் பேருக்கு அர்ச்சனை பண்ண அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா கம்பெனியில். எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். வீட்டில் அவள் மட்டும்.

மதியம் நான் திரும்பி வரும்போது தெருமுனையில் பூக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "அய்யோ கண்ணு, உங்கண்ணன் இல்லியாமே! ஜெர்மனிப் பாப்பா வந்து போட்டோவுக்கு மாலை கேட்டுச்சு. யாருக்கும்மான்னேன். எங்கண்ணனுக்கு, அண்ணன் இல்லன்னுச்சு. எனக்குக் கையே ஓடல கண்ணு."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலெல்லாம் செருப்பு. ஹாலில் தெருப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அண்ணன் படத்துக்கு நெற்றியில் சந்தனம், குங்குமம், கனமான சம்பங்கி மாலை, தாத்தாவிடமிருந்து இழுத்துக் கட்டிய சிவப்பு பல்பு. கீழே வாழையிலையில் அவனுக்குப் பிடித்த பிரியாணி, ஓரத்தில் கத்தரிக்காய், பக்கத்தில் ரோஸ் மில்க். மடிப்புக் கலையாமல் அவனுடைய நீலச் சட்டை. தாத்தாவுக்குச் சுருட்டு வைத்த இடத்தில் அவனுடைய கிரிக்கெட் பந்து. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அந்த ஊதுபத்தி வாசனை இப்போதும் எங்கேயாவது வந்தால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

மாடியிலிருந்து குரல் வந்தது. "கா... கா..." அப்பாவேதான் என்று நினைக்கும்படி அவ்வளவு சுத்தமாக.

படியேறிப் போனேன். என் பாவாடை தாவணியைக் கட்டிக்கொண்டு, தலைக்குக் குளித்த ஈரத்தோடு, கைகளைக் குவித்து அவள் நின்றிருந்தாள். கைப்பிடிச் சுவரில் இலைத்துண்டு, அதில் ஒரு கைப்பிடி பிரியாணி. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு காக்கா எழும்பி நேரே வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. கறித்துண்டைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. நாள் பூராவும் தாத்தாவுக்கு வராத காக்கா.

பின்னால் தட்டு விழுந்த சத்தம். அம்மா. கீழே இருந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள், படத்தைப் பார்த்திருக்கிறாள், அர்ச்சனைத் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஏறி வந்திருக்கிறாள். தேங்காய் மூடி உருண்டு என் காலில் இடித்தது. அம்மாவின் கண் அந்தக் காக்கா போன திசையிலேயே இருந்தது.

அவள் திரும்பினாள். முகமெல்லாம் சந்தோஷம். "அம்மா, வந்துச்சு! ஒடனே வந்துச்சு!" என்றாள்.

அம்மா போட்ட சத்தத்தை எழுத எனக்கு வராது. ஷாகிரா அக்காதான் ஓடிவந்து, "அடியே, பொறந்த நாளுன்னுதானே எங்கிட்ட பிரியாணி கேட்டு வாங்கினு போச்சு! யாருக்கும் ஒண்ணும் ஆவல, எல்லாம் எழுந்து போங்கடி!" என்று பெண்களை விரட்டினாள். மாலையைக் கழற்றினாள், குங்குமத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள். தெருவுக்குப் புரிந்துவிட்டது. சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். அம்மாவுக்கு மட்டும் புரியவே இல்லை. "போன் போடு, போன் போடு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா ஓடிவந்து சங்கத்தின் சட்டத்தையெல்லாம் தூக்கிக் கடாசிவிட்டு ஜெர்மனிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. மறுபடி போட்டார். மறுபடியும் அப்படித்தான். கடலோர ஊர், கடலோர ஊர் என்று அம்மா முனகினாள். அவள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஹாலின் மூலையில், அம்மா உட்கார்ந்திருந்த மாதிரியே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணனே கூப்பிட்டான். படகில் கூட்டிப்போயிருந்தார்களாம், கேக் வெட்டினார்களாம். "பர்த்டே அன்னிக்கு மறந்துட்டீங்களா?" என்று சிரித்தான். அம்மா போனை இந்தக் காதிலும் அந்தக் காதிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாள். அப்புறம் எங்களைப் பார்த்து, "குரல் வேற மாதிரி கீதே. நல்லாக் கேளுங்க, அவன்தானா?" என்றாள். ஜலதோஷம் பிடித்திருந்தது அவனுக்கு. எத்தனை சொல்லியும் அம்மா அந்த வார்த்தையை விடவில்லை.

அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன் என்றபோது அம்மா என் வாயைப் பொத்தினாள். "வேணாம். வாயால சொன்னா பலிச்சிடும்." அப்பா, "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று அவளிடம் சொல்லி வைத்தார். அம்மா அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, பேரைச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. தட்டில் சோறு மட்டும் வேளாவேளைக்கு விழுந்தது. இரண்டு நாள் பார்த்தாள் அவள். மூன்றாம் நாளிலிருந்து அவளும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள், பாவம்.

அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அப்போதுதான். "பூ சரியில்லியா?"

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது?

வருஷம் முடிந்து அவள் கிளம்பினாள். ஸ்டேஷனுக்கு அம்மா வரவில்லை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருக்கிற ஒரு படத்தை அவள் என்னிடம் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அதே வாரம் அண்ணன் வந்து இறங்கினான். வளர்ந்திருந்தான், வெளுத்திருந்தான். சாப்பிட உட்கார்ந்ததும் ஸ்பூன் கேட்டான். அம்மா விடிகாலையிலிருந்து நின்று பிரியாணி செய்திருந்தாள். அவன் தட்டைப் பார்த்துவிட்டு, "நான் இப்பல்லாம் கறி சாப்பிடறதில்லம்மா" என்றான். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். அடுப்படியில் என் காதருகே வந்து, "அன்னிக்கே காக்கா எடுத்துனு போய்டுச்சுடி. இவன் வேற யாரோ" என்றாள்.

பைத்தியமா உனக்கு என்று அம்மாவைத் திட்டினேன். பல தடவை திட்டியிருக்கிறேன். ஆனால் அண்ணன் மேல்படிப்புக்கு மறுபடி அங்கேயே போனான். அங்கேயே வேலை. வருவது குறைந்து, அப்புறம் போன் குறைந்தது. அப்பா திடுதிப்பென்று போனபோது அவனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியத்தை அண்ணன் வீடியோவில் பார்த்தான். நடுவில் சிக்னல் போய்விட்டது. "எனக்கு யாருடி காக்காவக் கூப்டுவாங்க?" என்று அம்மா அன்றைக்குக் கேட்டாள். நான் இருக்கேனே என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகன் செய்ய வேண்டியது மகன் செய்ய வேண்டியதுதான் அவளுக்கு.

இந்த வருஷம் அப்பாவுக்குப் படைத்த அன்று சாயங்காலம் அண்ணன் வீடியோவில் வந்தான். "யார் வீட்ல கீறேன் பாரு" என்று போனைத் திருப்பினான். அவள்தான். சதை போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். "நல்லா கீறீங்களா அம்மா?" என்றாள். அத்தனை வருஷம் கழித்தும் அச்சு அசல் அம்மா குரல்.

அவளுக்குப் பின்னால் சுவரில் மூன்று படங்கள். நான் கொடுத்த படத்திலிருந்து தனித்தனியாகப் பெரிசாக்கியவை. அப்பா, அம்மா, இரட்டைச் சடையோடு பதினாலு வயசு நான். மூன்றுக்கும் நெற்றியில் குங்குமம். மூன்றுக்கும் ஏதோ அந்த ஊர் மஞ்சள் பூவில் கட்டிய மாலை. மேலே சிவப்பு பல்பு. அப்பாவுக்கு நாங்கள் மாலை போடுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே அங்கே போட்டாகிவிட்டது. நானும் அந்தச் சுவரில் செத்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

போனைப் பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினேன். அம்மா விடவில்லை. கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "அவன் படம் எங்க?" என்றாள்.

"அண்ணன் படமா?" அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அண்ணன் இங்கதானேம்மா கீறாரு. இல்லாதவங்களுக்குத்தானே பூ?"

காப்பி எடுத்து வருகிறேன் என்று ஒரு கையைத் தரையில் ஊன்றி, "முருகா" என்று எழுந்து போனாள். அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கே பாக்கப் பயமா கீதும்மா. வெள்ளிக்கிழமையானா பூ மாத்துறாளாம். உன் பொறந்த நாளுக்கு இலை போட்டுப் படைக்கிறாளாம். இது இன்னான்னு நான் சொல்லிடறேன்."

"வாயத் தொறக்காதே" என்றாள் அம்மா. "தெரிஞ்சா எடுத்துடுவா."

"எடுக்கட்டுமே! நீ உசுரோட கீறியேம்மா!"

"நான் போனப்புறம் நீ பண்ணப்போறியா?"

அண்ணன் அவள் போன பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அவ ஒருத்தியாவது பண்றா. அது அப்டியே இருக்கட்டும்."

காப்பிக் கோப்பையோடு அவள் திரும்பி வந்தாள். அம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் அந்தப் பேர் விழுந்து எத்தனை வருஷம் ஆயிற்று! அவளும் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"எனக்கு இன்னா படைச்சே?"

"லெமன் சாதம்மா. உங்களுக்குப் புடிக்குமில்ல?"

"காக்கா எடுத்துச்சா?"

"இங்க காக்கா கம்மிம்மா. கடல் பறவை ஒண்ணு வரும். கூப்ட்ட ஒடனே எடுத்துடுச்சு."

அம்மா தலையை ஆட்டினாள். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

"அடுத்த தடவ உப்பு கொஞ்சம் ஜாஸ்தியா போடு" என்றாள்.